பதிப்பு வேலையில் ஆழமும் பொருத்தமும்

நெசவாளர் ஏட்டில் மரவேலையைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. பட்டுச் சேலைகளை வைத்து விற்பதற்காக நெசவாளர் சங்கமொன்று, அம்பத்தூர்ப் பகுதிப் பட்டறை ஒன்றில் 40 தேக்குப் பெட்டிகள் செய்யக் கொடுத்திருந்தது. மூடிகளில் ஈட்டி மரத்தாலான மாங்காய்ச் சின்னம் பதிக்கப்பட வேண்டும். சங்கத்தார் பார்வையிடச் சென்றபோது 12 மூடிகளில் மாங்காயைச் சுற்றி ஒரு தாள் நுழையுமளவு இடைவெளி தென்பட்டது. பணம் தர இயலாது என்றது சங்கம். மரம் சுருங்கிற்று என்றது பட்டறை. இரு சாராருக்கும் இடையே நான் அனுப்பப்பட்டேன்.

மைசூரில் ஈட்டி மரப் பதிப்பு வேலை செய்வோர் துண்டை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தை உளியால் திருத்துவர். பிழை அங்கேயே தீர்ந்துவிடும். கணினி வழி இயங்கும் சி.என்.சி. ரௌட்டரோ கொடுத்த எண்ணை வெட்டுமேயன்றிப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை.

இம்முறையில் பள்ளத்தின் சரிந்த பக்கங்களை 60 பாகைக் கூர்முனை பிட்டும், அடித்தளத்தைத் தட்டைமுனை பிட்டும் வெட்டுகின்றன. பதிக்கும் துண்டும் அவ்வாறே சரிந்த பக்கங்களுடன் வெட்டப்படுகிறது. அதனை அழுத்துங்கால் பக்கங்கள் ஆப்புப் போல் இறுக வேண்டும். அடியில் பசைக்கெனச் சிறிது இடம் எஞ்சியிருக்க வேண்டும். துண்டு அடித்தளத்தில் முன்னதாக முட்டிவிட்டால் பக்கங்கள் இறுகா.

முட்டுகிறதா என்றறிய எளிய வழி: துண்டின் அடியில் சாக்கட்டியைப் பூசி, பசையின்றி அழுத்தி எடுக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் வெள்ளைத் தடம் இருப்பின் முட்டுகிறது என்று பொருள். நாங்கள் சோதித்தபோது தடம் விழுந்தது. வெர்னியர் அளவுகோலின் ஆழக்கம்பியை இறக்கினோம். 6 மி.மீ. இருக்க வேண்டிய ஆழம் 5.2 மி.மீ. மட்டுமே. பசைக்காக விட்டது 0.5 மி.மீ.; ஆகவே துண்டு 0.3 மி.மீ. தூக்கி நின்றது. அச்சரிவில் அது பக்கத்துக்கு ஏறத்தாழ 0.17 மி.மீ. இடைவெளியாகும். தாள் நுழைந்ததில் வியப்பில்லை!

பள்ளத்தின் வாய் அகலம் சரியாகவே இருந்தது. எனவே கூர்முனை பிட்டின்மேல் குற்றமில்லை, வரைபடத்தின்மேலும் இல்லை. பிட்டை மாற்றிய பின் மேற்பரப்பின் சுழியளவை எடுக்கையில், தொடுதகட்டின் அடியில் மரச்சீவல் சிக்கியிருந்திருக்கிறது. தகடு உயர்ந்ததால் வெட்டு மேலேயே நின்றுவிட்டது. அந்தச் சுழியளவைக் கொண்டு வெட்டியவை அந்த 12 மூடிகளே என்று பட்டறைக் குறிப்பேடும் காட்டிற்று.

வேறு குறிகளும் உண்டு. மேசையின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஆழம் வேறுபட்டால் பலகைப் படுகை சமமாயில்லை. வேலை செல்லச் செல்ல ஆழம் மிகுந்துகொண்டே போனால், சுருள் பிட் கொலெட்டுப் பிடியிலிருந்து கீழே இழுபடுகிறது. பட்டறை கூறிய ஈரப் பிரச்சினையும் பொய்யன்று. தேக்கு குறுக்கு வாட்டத்தில் 100 மி.மீ. அகலத்துக்கு, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் ஏறத்தாழ 0.2 மி.மீ. அசையும். ஐப்பசி மழையில் வெட்டிய பலகையைப் பங்குனியில் பொருத்துவோர் இதனை மறத்தலாகாது. ஆயினும் மரச்சுருக்கம் பள்ளத்தின் ஆழத்தில் 0.8 மி.மீ. குறைத்துவிடாது.

12இல் 8 மூடிகளில் இன்னும் பசை இடப்படவில்லை. அவற்றின் அடித்தளத்தை மீண்டும் வெட்டியதும் மாங்காய் இறுகி அமர்ந்தது. எஞ்சிய 4 மூடிகளைப் பட்டறை தன் மரத்தில் செய்து தந்தது. சங்கம் பத்து நாள் தவணை அளித்து முழுத் தொகையையும் செலுத்தியது. பிட் மாற்றுந்தோறும் கழிவுத் துண்டில் ஒரு பள்ளம் வெட்டி, ஆழத்தை அளந்து, தாளில் குறித்துக் கையொப்பமிட வேண்டும் என்னும் நிபந்தனை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.