ஏழு தலைமுறை காத்த நாட்காட்டி

ஜப்பானில் நாகசாகியை ஒட்டியிருந்த உராகாமி ஓர் உழவர் கிராமம். கிறிஸ்தவம் அந்நாட்டுக்கு வந்தது 1549இல். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரே அதைக் கொண்டுசென்றார். 1614இல் தோகுகாவா அரசு நாடு முழுவதும் அதைத் தடை செய்தது. 1644க்குப் பின் அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு நடுவே குருவானவர் எவரும் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அடுத்த 200 ஆண்டுகளுக்கு மேல் உராகாமியில் விசுவாசத்தைக் காத்தவர்கள் ஏர் பிடித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான்.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒருவர் 'சோகாத்தா'. திருநாள்களைக் கணித்து நாட்காட்டியைக் காப்பது அவர் பொறுப்பு. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு 'மிசுகாத்தா'. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். குருவானவர் இல்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. அந்த ஒரு வாசல்தான் அவர்களுக்குத் திறந்திருந்தது. எனவே சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவர் பிசகாமல் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மூன்றாமவர் 'கிகியாகு'. இந்த வாரம் எந்த நாள் திருநாள், எந்த நாள் ஒருசந்தி என்று வீடு வீடாகச் சொல்லிவருபவர். சோகாத்தா பொறுப்பு ஒரே குடும்பத்தில் ஏழு தலைமுறை தொடர்ந்தது.

நாட்காட்டியின் மூலம் பஸ்தியன் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுச்சென்றது என்பது மரபு. 1634ஆம் ஆண்டின் திருநாள்களை ஜப்பானியச் சந்திர மாதங்களுக்குப் பொருத்தி எழுதியது அது. அதை வைத்துத்தான் கிறிஸ்து பிறப்பும் தவக்காலமும் குறிக்கப்பட்டன. விலக்கப்பட்ட நாள்களில் ஊசி எடுக்கக் கூடாது, வயலுக்கு எரு போடக் கூடாது. அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கக்கூடிய கீழ்ப்படிதல் இவ்வளவுதான்.

வெளியே அவர்கள் பௌத்தர்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சாவு வீட்டில் பிக்கு வந்து சூத்திரம் ஓதுவார். அது பலிக்காமல் போக அடுத்த அறையில் சிலர் செபம் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஊர்த்தலைவர் வீட்டில் 'ஃபூமி-ஏ' நடக்கும். இயேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த தகட்டை ஒவ்வொருவரும் மிதித்துக் காட்ட வேண்டும். மிதித்தார்கள். வீடு திரும்பி உத்தம மனஸ்தாபம் சொன்னார்கள். குருவானவர் இல்லாதபோது எப்படி மனஸ்தாபப்பட வேண்டும் என்று கற்பித்த 1603ஆம் ஆண்டுச் சிறு நூல் ஒன்று கைப்பிரதிகளாகச் சுற்றிவந்தது. மிதிக்க மறுத்து உயிர்விட்டவர்களை வேதசாட்சிகள் என்கிறோம். மிதித்துவிட்டு அழுதவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் நாட்காட்டியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஆளிருந்திருக்காது.

லத்தீன் செபங்கள் வாய்வழி வந்து தேய்ந்தன; பல சொற்களுக்குப் பொருள் மறந்தது. கருணைத் தெய்வமான கன்னோன் சிலை மாதாவுக்குப் பதிலாக வீடுகளில் நின்றது.

ஜப்பான் துறைமுகங்களைத் திறந்தபின் வெளிநாட்டவருக்காக நாகசாகியில் ஓவுரா ஆலயம் கட்டப்பட்டது. 1865 மார்ச் 17 அன்று உராகாமியிலிருந்து சுமார் 15 பேர் அங்கே வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று பிரெஞ்சுக் குருவானவர் பெர்னார் பெத்தித்ஜானிடம் மெல்லச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். அது தவக்காலம் என்பது வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாட்காட்டி பிசகவில்லை.

குருவானவர் கிடைத்ததும் உராகாமியினர் சவ அடக்கத்துக்குப் பிக்குவை அழைக்க மறுத்தார்கள். 1867இல் கைதுகள் தொடங்கின. அடுத்து வந்த மெய்ஜி அரசு சுமார் 3,400 பேரை, ஏறக்குறைய ஊர் முழுவதையும், நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தியது. 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். 1873இல் கிறிஸ்தவத்தைத் தடை செய்த அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

1880இல் அவர்கள் பணம் சேர்த்து ஓர் இடம் வாங்கினார்கள். ஆண்டுதோறும் தகட்டை மிதிக்க வரிசையில் நின்ற அதே ஊர்த்தலைவர் வீடு அது. முதலில் அந்த வீட்டையே கோயிலாக்கினார்கள். பிறகு அந்த மனையில் உராகாமிப் பேராலயம் எழுந்தது.

(தொடரும்)