பத்து மாதத்தில் ஒரு மொழி

தாய்மொழியை நாம் கற்றதாக நமக்கு நினைவில்லை. அது நம்முடனே வளர்ந்தது. வேற்று மொழி அவ்வாறு வருவதில்லை. அதற்கு ஆசிரியர் வேண்டும், முறை வேண்டும், இவற்றுக்கு மேலாகப் பேசிப் பழக ஓர் ஆள் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே அமைத்துத் தரும் நோக்குடன் எழுந்த நிறுவனம் ஒன்று நம் மானசகங்கோத்திரியிலேயே இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து செல்லும் நம்முள் எத்தனை பேர் அதன் பணியை அறிவோம்?

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் மைசூரில் தோன்றியது. மொழியியலறிஞர் பட்டநாயக் அதன் முதல் இயக்குநர். மும்மொழித் திட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? பிற மாநில மொழியைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டாவா? அத்தேவையை நிறைவு செய்ய மைசூர், புனே, புவனேசுவரம், பாட்டியாலா ஆகிய ஊர்களில் வட்டார மொழி மையங்கள் அமைந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய நான்கும் மைசூர் மையத்தின் பொறுப்பு. மாநில அரசுகள் அனுப்பும் பள்ளியாசிரியர்கள், தம் தாய்மொழியல்லாத ஒரு மொழியைப் பத்து மாதங்களில் கற்க வேண்டும்.

பத்து மாதம் போதுமா என்று ஐயுறலாம். பழைய முறையில் இலக்கண விதி முதலில் வரும். பேச்சு கடைசியில் வரும், அல்லது வாராமலே போகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்குப் பல நாட்டு மொழிகளை விரைந்து கற்பிக்க நேர்ந்தது. சிறு சிறு குழுக்களாக, அம்மொழி பேசுவோருடன் நாள்தோறும் பல மணி நேரம் பேசிப் பழக வைத்தனர். காது முதலில், நா அடுத்து, எழுத்து பின்னர் என்னும் வரிசை அதன் பின் உலகெங்கும் பரவிற்று. ஒலிப்பதிவைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் மொழி ஆய்வுக்கூடமும் அவ்வழி வந்ததே. கற்கும் மொழி வழங்கும் ஊர்களுக்கே சென்று சில நாள் தங்கிப் பழகுவதும் இத்தகைய பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

தமிழ் கற்பவருக்குத் தனித் தொல்லைகள் உண்டு. புத்தகத்தில் ‘இருக்கிறது’ என்று படித்தவர் கடைத்தெருவில் ‘இருக்கு’ என்பதைக் கேட்டுத் திகைப்பார். கன்னடத்தில் ‘க’வின் வெவ்வேறு ஒலிகளுக்கு வெவ்வேறு எழுத்துகள் உண்டு, நம்மிடம் ஒன்றே. ஆகவே பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா, எதை முதலில் கற்பிப்பது என்பதே ஆசிரியர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியாகிறது.

நமக்கோ கன்னடம் அவ்வளவு தொலைவில் இல்லை. நம் பால் அங்கே ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பத்து, ஹத்து. சொல்லின் முதலில் நிற்கும் பகரம் ஹகரமாகிறது என்னும் ஒரு விதியை அறிந்தால் நூறு சொற்கள் அறிமுகமாகிவிடும். இருந்தும் நம்முள் சிலர் பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது ‘கன்னட கொத்தில்லா’ என்ற ஒரு தொடரையே கற்றுச் செல்கின்றனர். 1991-இலும் 2016-இலும் காவிரி வழக்கால் இருபுறமும் மனம் கசந்த நாள்களை நாம் மறக்கவில்லை. ஆற்று நீர் வழக்கு வேறு. அண்டை அறையில் இருக்கும் நண்பனின் மொழி வேறு. பேச்சு இல்லாத இடத்தில்தான் ஐயம் வளர்கிறது.

1963-இல் பிரான்சும் ஜெர்மனியும் இளைஞர்களுக்கெனப் பொது அலுவலகம் ஒன்றை நிறுவின. போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மொழி ஆசிரியராயினர். பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி, கட்டணம் இல்லை. இன்று பல அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு இம்முறையே கைகொடுக்கிறது.

நம் சங்கமும் இதைத் தொடங்கலாகாதா? வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம். அரைமணி தமிழ், அரைமணி கன்னடம். நாளை ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ செல்லவிருக்கும் நண்பர்கள், வேற்று மொழியில் வாழும் பயிற்சியை இன்றே மைசூரில் தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஒரு விரிப்பும் இரண்டு நாற்காலிகளும் சிறிது கூச்சமின்மையுமே.