தாலிக்கும் வயது உண்டு



“பெண் ஆளாகி மூன்று வருஷம் ஆயிற்று. முறைமாப்பிள்ளை காத்திருக்கிறான். கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிவிடுவோம். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” லயத்து வாசலில் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பேசுகிறவர்கள் பெண்ணுக்குக் கேடு நினைப்பவர்கள் அல்லர், பெற்றவர்களேதாம். ஆயினும் இந்த அவசரம் பெண்ணின் வாழ்வையே கெடுத்துவிடக்கூடும்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்திற்கென 1976ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மட்டும், மாநில மந்திரி புசார் அல்லது முதலமைச்சர் தனி அனுமதி அளித்தால் விலக்கு உண்டு. அந்த அனுமதியின்றி நடந்த மணம் செல்லாது. குருக்கள் மந்திரம் ஓதினாலும், ஊரே கூடி அட்சதை தூவினாலும் செல்லாது.

“சட்டத்துக்கு நம் வழக்கம் என்ன தெரியும்?” என்று சிலர் கேட்பார்கள். தெரியும் நேயர்களே! நெருங்கிய இரத்த உறவில் மணம் கூடாது என்று சொல்லும் அதே சட்டம், இந்துக்களின் வழக்கத்தை மதித்து, தாய்மாமன் தன் அக்காள் மகளை மணக்க இடம் தந்திருக்கிறது. கோயிலிலேயே சமய முறைப்படி மணம் முடித்துப் பதிவு செய்ய, குருக்களைத் துணைப் பதிவாளராக நியமிக்கவும் வழி செய்திருக்கிறது. உறவு முறையில் இணங்கி வந்த சட்டம், வயதில் மட்டும் கண்டிப்பாக நிற்கிறது. காரணம், மணமக்கள் இருவரும் மனமாரச் சம்மதிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவது சம்மதமாகுமா?

ஆளாவது உடலின் ஒரு பருவம். தாய்மைக்கு உடல் முதிர்ந்துவிட்டதற்கு அடையாளம் அன்று. இளவயதுப் பிரசவம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகுந்தது. சடங்கு சுற்றுங்கள், சீர் வையுங்கள். ஆனால் அதையே கல்யாணத்துக்கு நாள் குறிப்பாக எண்ணாதீர்கள்.

செல்லாத மணத்தின் விளைவுகளையும் பாருங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது, அவள் இணங்கினாலும், தண்டனைச் சட்டப்படி கற்பழிப்புக் குற்றம். செல்லாத தாலி மாப்பிள்ளையைக் காப்பாற்றாது. வேலையிடத்து விபத்தில் கணவன் இறந்தால், சொக்சோ உதவிப் பணம் கேட்கும் மனைவியிடம் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழைத்தான். தந்தை குடிமகனாக இருந்து தாய் குடியுரிமை இல்லாதவளாக இருந்தால், பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். அடையாளக் கார்டு இல்லாமல் அந்தப் பிள்ளை பள்ளிக்கும் வேலைக்கும் அலைய வேண்டிவரும்.

ஆகவே பெற்றோரே, நல்ல இடம் என்றால் பேசி வையுங்கள், பெண் படிக்கட்டும். பதினெட்டு நிறைந்து, அவளும் விரும்பினால், தேசியப் பதிவிலாகாவில் மனுச் செய்யுங்கள். 21 வயதுக்குள் என்றால் தந்தையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மனுச் செய்தபின் 21 நாள் அறிவிப்பு உண்டு; அதையும் கணக்கில் வைத்து முகூர்த்தம் பாருங்கள். எங்கேனும் ஒரு சிறுமியை வற்புறுத்தி மணம் முடிக்க முயன்றால், 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

மூன்று ஆண்டு பொறுத்துக் கட்டினாலும் தாலியின் மங்கலம் குறையாது. அவசரப்பட்டால் குறைவது பெண்ணின் வாழ்வே.