இரைப்பை தன்னையே செரித்துக்கொள்வதில்லையே, ஏன்?

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், விலங்குத் தோல் வாணிபம் நடந்த கடையொன்றில் துப்பாக்கி தவறி வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞன் வயிற்றில் காயம்பட்டு விழுந்தான். இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அவனைப் பிழைக்கவைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை. அத்துளையே செரிமான ஆராய்ச்சிக்குச் சாளரமாயிற்று!

1825இல் போமாண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அதனுள் இறக்கிச் சோதித்தார். பின்னர் இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடலின் வெப்பநிலையில் வைத்து, இறைச்சியை இட்டார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் வெறும் அரைத்தலன்று, வேதிவினையும் ஆகும் என்பது தெளிவாயிற்று.

அந்நீரில் அப்படி என்னதான் இருக்கிறது? பெரும்பகுதி தண்ணீரே. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை 1824இல் வில்லியம் பிரௌட் கண்டறிந்தார். புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியை 1836இல் தியோடர் ஷ்வான் கண்டார். அமிலம் புரதத்தின் மடிப்புகளைப் பிரிக்கிறது. பெப்சின் அதைத் துண்டாக்குகிறது. உணவோடு வரும் கிருமிகளில் பலவும் அமிலத்தில் மடிகின்றன. சோற்றிலுள்ள மாவுப்பொருள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் செரிக்கிறது.

இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.4. இரைப்பை நீருக்கு 2 என்று கொண்டால், அதில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கு! கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதுபோல, இரைப்பைச் சுவரின் செல்கள் ஆற்றலைச் செலவிட்டு இவ்வயனிகளை வெளியேற்றுகின்றன.

இவ்வளவு கடுமையான நீர் இரைப்பையையே அரிக்காதா? அரிக்காதபடி மூன்று காவல்கள் உள்ளன. பைகார்பனேட் கலந்த சளிப்படலம் சுவரைப் போர்த்தியிருக்கிறது. பெப்சின், செயலற்ற பெப்சினோஜனாகவே சுரந்து, அமிலம் பட்ட பின்னரே விழிக்கிறது. உட்சுவரின் மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன.

காவல் தளர்ந்தால் புண் உண்டாகும். காரமும் கவலையுமே காரணமென்று நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், 1984இல் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு இக்கிருமியே காரணம் எனக் காட்டிய அவரும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இக்காவலைக் குலைக்கும்.

ஆகவே, தலைவலி வந்ததும் மாத்திரையை விழுங்குமுன் சற்றே எண்ணிப் பாருங்கள். நாள்பட்ட வயிற்றெரிச்சலை 'வெறும் சூடு' என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.