ஒரே காற்று, இரண்டு கடல்

தனுஷ்கோடி மணல்திட்டில் நின்றால் ஒருபுறம் ஆண்கடல், மறுபுறம் பெண்கடல். ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள்தான். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்பி மணலை அறுக்கும். சாலையைக் கடந்து பாக் விரிகுடாப் பக்கம் போனால், தண்ணீர் லேசாகச் சிலிர்த்துக்கொண்டு கிடக்கும். அடிப்பது என்னவோ ஒரே காற்று.

அசையாத நீரின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடாதா? போகாது. காற்று ஒருபோதும் சீராக வீசுவதில்லை. அதற்குள் இருக்கும் சிறு சுழல்கள் நீரை ஓரிடத்தில் அழுத்தும், ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும். சிற்றலைகள் பிறப்பது இப்படித்தான். முகட்டுக்கு முகடு இடைவெளி 1.7 செ.மீ.க்குள் இருக்கும்வரை, அவற்றை மட்டப்படுத்தப் பார்ப்பது பெரும்பாலும் பரப்பு இழுவிசை. அதற்கு மேல் போனால் அந்த வேலை புவியீர்ப்புக்கு.

பரப்பு சொரசொரத்துவிட்டால் காற்றுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். அலையின் முதுகில் அழுத்தம் கூடுதல், முகட்டுக்கு அப்பால் மறைவில் குறைவு. இந்த வித்தியாசம்தான் அலைக்குத் தீனி. அலை உயர உயரப் பிடிமானமும் கூடுவதால், கந்துவட்டிக் கணக்காக வளர்ச்சி ஏறுகிறது. அலை பிறக்கும் கட்டத்தை ஓவன் பிலிப்ஸும், வளரும் கட்டத்தை ஜான் மைல்ஸும் 1957-ல் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினார்கள். சொல்வதற்கு எளிது, கணிதம் இன்றும் தலைவலிதான்.

காற்று வேகமாக அடித்தால் மட்டும் போதாது. நெடுநேரம் அடிக்க வேண்டும், தடையில்லாமல் ஓட நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டும். தனுஷ்கோடியில் வேறுபாடு வருவது இந்த நீளத்தால். மன்னார் வளைகுடா தெற்கே பெருங்கடலுக்கு வாய் திறந்து கிடக்கிறது. பெண்கடல் பக்கமோ, காற்று நிலத்தைத் தாண்டி அப்போதுதான் நீரில் இறங்குகிறது. அலை வளர இடமே இல்லை. வடகிழக்குப் பருவத்தில் பெண்கடலும் சீறும். ஆனால் ஆழம் குறைவு, கரைகள் நெருக்கம் என்பதால் எழுவது குட்டையான, அடுத்தடுத்து முட்டும் அலை. படகுக்கு அதுவும் சள்ளைதான்.

வளர்ந்த அலைக்குக் காற்றின் தயவு தேவையில்லை. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் புயல்களில் பிறந்து, 20 விநாடிக்கு ஒரு முகடு வீதம் வரும் அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகத்தில் நகரும். 6,000 கி.மீ. தாண்டிக் குமரிக் கரையைத் தொட நான்கரை நாள் போதும். வருவது ஆற்றல் மட்டுமே. அங்குள்ள தண்ணீர் ஏறக்குறைய அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும். வெயில் காயும், காற்றில்லாத நாளில் கேரளத்திலும் குமரியிலும் வீட்டு வாசல்வரை கடலைக் கொண்டுவரும் கள்ளக்கடல் இதுதான். இதற்கு முன்னெச்சரிக்கை தருவது ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்.

நெடிய அலைகள் முந்தியும் குட்டையானவை பிந்தியும் வருவதால், அந்த இடைவெளியை வைத்துப் புயல் எவ்வளவு தொலைவில் அடித்தது என்று கணக்கிட்டுவிடலாம். கடலியலாளர் வால்டர் மங்க் 1950-களில் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவருகே அப்படி அளந்தபோது, சில அலைகளின் பிறப்பிடம் உலகின் மறுபக்கமான இந்தியப் பெருங்கடலில் போய் நின்றது. அவற்றின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முகட்டுக்கு முகடு ஒரு கிலோமீட்டர்.