பரணில் 100 வருஷம் தப்பிய பேஸ்பால் கார்டு, ஆல்பத்தில் கெட்டுப்போவது ஏன்? வீட்டில் பாதுகாக்க எளிய வழிகள்

2012-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டிஃபையன்ஸ் என்ற சின்ன ஊர். இறைச்சிக் கடை வைத்திருந்த தாத்தாவின் பழைய வீட்டை, பேரப்பிள்ளைகள் காலி செய்துகொண்டிருந்தார்கள். பரணில் ஒரு மர பொம்மை வீடு. அதற்கு அடியில் கரி படிந்த ஓர் அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால், நூல்கயிறு போட்டுக் கட்டிய சுமார் 700 பேஸ்பால் கார்டுகள். டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர் என்று அந்தக் காலத்து ஹீரோக்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

1910 வாக்கில் அச்சான அந்தக் கார்டுகளில் பல, நேற்று அச்சானது போல இருந்தன. அதில் மிக நல்ல நிலையில் இருந்த 37 கார்டுகள் மட்டுமே முதல் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போயின. 'பிளாக் ஸ்வாம்ப் ஃபைண்ட்' என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் இன்றும் பேசும் கதை இது.

இதில் ஒரு விஷயம் இடிக்கும். கார்டு வைக்கக்கூடாத இடம் எதுன்னு கேட்டால், பரணைத்தான் நிபுணர்கள் முதலில் சொல்வார்கள். கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். அப்புறம் எப்படித் தப்பித்தன?

அதிர்ஷ்டம் பாதி. மீதி பாதி, யாரும் தொடவில்லை. வெளிச்சம் படவில்லை, யாரும் ஆல்பத்தில் ஒட்டவில்லை, துடைக்கவில்லை. பழைய கார்டுகளைக் கெடுத்ததில் காலத்தைவிட, அவற்றை ஆசையாகப் பார்த்துக்கொண்டவர்களின் பங்கு பெரிது. அதனால், கார்டு பாதுகாப்பு என்பது பாதிக்கு மேல் 'என்ன செய்யாமல் இருக்க வேண்டும்' என்ற பட்டியல்தான்.

முதலில், இதுக்கு ஏன் இவ்ளோ மவுசு?

பபுள்கம் பாக்கெட்டில் கிரிக்கெட் வீரர் படம் வந்த காலம் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவில் அந்தப் பழக்கம் 19-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. முதலில் சிகரெட் பாக்கெட், அப்புறம் மிட்டாய், அதன் பிறகு சூயிங்கம். எல்லாமே மலிவான அட்டை. சின்னப் பசங்க அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், சுவரில் ஒட்டினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி 'டப டப' சத்தம் வரவைத்தார்கள். பையன் வளர்ந்து வெளியூர் போனதும், அம்மா பெட்டியைக் குப்பையில் போட்டார்.

உற்பத்தியாளர்களே மதிக்கவில்லை. டாப்ஸ் நிறுவனம் 1952-ல் வெளியிட்ட கார்டுகளில் கடைசி வரிசை சரியாக விற்கவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அந்த வரிசையில் இருந்ததுதான் மிக்கி மேன்டில் கார்டு. அதில் ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்!

ஆனால் அந்த விலை கார்டுக்கு மட்டும் இல்லை, அதன் 'நிலைமை'க்கு. பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் கார்டைச் சோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகின்றன. ஏலம் போன மேன்டில் கார்டுக்கு 9.5. மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த அதே கார்டு பல்லாயிரம் டாலரோடு நின்றுவிடும். மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்ற நான்கும்தான் கணக்கு. நடுவில் இருப்பது அச்சகத்தின் விதி. மற்ற மூன்றும் வைத்திருப்பவர் கையில்!

கார்டு எதனால் கெடுகிறது?

பழைய கார்டு என்பது மரக்கூழ் அட்டை. அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் படப்பட பழுப்பாகும், அமிலத்தன்மை கூடி அட்டை நொறுங்கத் தொடங்கும். இது மெதுவாக நடப்பது. அதை வேகப்படுத்தும் எதிரிகள் இவை:

* ஈரப்பதம்: அட்டை ஈரத்தை உறிஞ்சி வீங்கும், காய்ந்தால் சுருங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் உறிஞ்சாததால் கார்டு வளையும். ஈரம் அதிகமானால் பூஞ்சை, பழுப்புப் புள்ளி.
* வெளிச்சம்: புற ஊதாக் கதிர் மையை வெளுக்கச் செய்யும். போன நிறம் திரும்பி வராது.
* அழுத்தம்: ரப்பர் பேண்ட் விளிம்பில் பள்ளம் போடும். நாள்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.
* பூச்சி: புத்தகங்களை அரிக்கும் அதே இராமபாணப் பூச்சிக்கு அட்டையும் பிடிக்கும்.
* பிளாஸ்டிக்: ஆமாம், பாதுகாக்க வாங்கிய அதே பிளாஸ்டிக்!

பிளாஸ்டிக் உறை எப்படி வில்லன் ஆகும்?

1970, 80-களில் ஆசையாகச் சேர்த்தவர்கள் பலர் கார்டுகளை மெல்லிய பிவிசி உறைகளில் போட்டு வைத்தார்கள். பிவிசி இயல்பில் கெட்டியானது. அதை வளையும்படி செய்ய 'பிளாஸ்டிசைசர்' என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். வருஷம் போகப்போக அது கசியும். உறை பிசுபிசுக்கும், கார்டின் மேற்பரப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தைத் திறந்ததும் புது ரெயின்கோட் மாதிரி வாடை வந்தால், அது பெரும்பாலும் மிருதுவான பிவிசி. கார்டு சுலபமாக வெளியே வந்தால் உடனே மாற்றிவிடலாம். ஒட்டியிருந்தால் இழுக்காதீங்க. காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டு போவதே நல்லது.

புதிதாக வாங்கும்போது பாலிப்ரோப்பிலீன், பாலிஎதிலீன், பாலியஸ்டர் படலம் ஆகிய மூன்றில் ஒன்றா என்று பாருங்கள். இவற்றுக்கு பிளாஸ்டிசைசர் தேவையில்லை.

எதில் வைப்பது?

*முதல் அடுக்கு: பென்னி ஸ்லீவ்.* மெல்லிய பாலிப்ரோப்பிலீன் உறை. விலை மிகக் குறைவு, அதனால்தான் இந்தப் பெயர். எந்தக் கார்டாக இருந்தாலும் முதலில் இதற்குள் போக வேண்டும்.

*இரண்டாம் அடுக்கு: டாப்லோடர்.* மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும் கெட்டியான உறை. கார்டு வளையாமல் காக்கும். பல டாப்லோடர்களும் பிவிசிதான், ஆனால் பிளாஸ்டிசைசர் இல்லாத கெட்டி வகை. இருந்தாலும் ஸ்லீவ் போடாமல் கார்டை நேராக உள்ளே இறக்கக் கூடாது. இறக்கும்போதும் எடுக்கும்போதும் மூலை உரசும்.

*விலை உயர்ந்த கார்டுக்கு:* காந்தத்தால் மூடிக்கொள்ளும் கெட்டி உறை. நான்கு திருகு வைத்து இறுக்கும் பழைய மாடல் வேண்டாம். திருகை முறுக்கும்போது அட்டை நசுங்கிப் பரவும். அப்படித் தட்டையான கார்டை மதிப்பீட்டு நிறுவனங்கள் 'மாற்றப்பட்டது' என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு.

*மொத்தமாக வைக்க:* அமிலம் இல்லாத அட்டைப்பெட்டியில் நிற்க வைத்த மாதிரி அடுக்கலாம். ரொம்ப நெருக்கவும் கூடாது, சாய்ந்து வளையும் அளவுக்கு இடமும் விடக்கூடாது. 9 பாக்கெட் ஆல்பம்தான் வேண்டும் என்றால், 'டி' வடிவ வளையம் உள்ளதாக வாங்குங்கள். வட்ட வளையத்தில் உள்பக்கக் கார்டுகளில் தழும்பு விழும்.

சைஸ் பார்த்தீங்களா?

பலரும் சறுக்கும் இடம் இது. கடையில் கிடைக்கும் சாதாரண உறைகள் 2.5 × 3.5 அங்குலக் கார்டுக்கானவை. டாப்ஸ் இந்த அளவுக்கு மாறியது 1957-ல்தான். அதற்கு முன் வந்தவை வேறு வேறு அளவு:

* 1909 - 1911 'டி206' சிகரெட் கார்டு: சுமார் 1.44 × 2.63 அங்குலம்
* 1933 கௌடி சூயிங்கம் கார்டு: சுமார் 2.38 × 2.88 அங்குலம்
* 1952 - 1956 டாப்ஸ்: சுமார் 2.63 × 3.75 அங்குலம்

1952 கார்டைச் சாதாரண உறையில் அழுத்தித் திணித்தால் மூலை போச்சு. சிகரெட் கார்டைப் போட்டால், உள்ளே ஆடி ஆடி விளிம்பு தேயும். பழைய கார்டுக்கு அந்தந்த வரிசையின் பெயரிலேயே தனி அளவு உறைகள் விற்கிறார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் எந்த இடம் பெஸ்ட்?

ஆட்கள் வசிக்கும் அறையின் உள்பக்க அலமாரி. அவ்ளோதான்! உங்களுக்கு வசதியாக இருக்கும் தட்பவெப்பம் கார்டுக்கும் வசதி. 18 - 21 டிகிரி செல்சியஸ், 40 - 50 சதவீதம் ஈரப்பதம் என்பது நல்ல இலக்கு. ஆனால் எண்ணைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதம், கார்டை தினமும் வளைத்து நிமிர்த்துவதற்குச் சமம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

பரணும் அமெரிக்க வீடுகளின் நிலவறையும் வேண்டாம். ஒன்றில் வெப்பம், இன்னொன்றில் ஈரமும் வெள்ளமும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, குளியலறைக்குப் பக்கத்துச் சுவர், ஹீட்டர் காற்று வரும் இடம் இவையும் வேண்டாம். எங்கே வைத்தாலும் தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள்.

தீப்பிடிக்காத லாக்கர் வாங்கி நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீயைத் தாங்க அதன் சுவரில் இருக்கும் பொருளே ஈரத்தை வைத்திருக்கும். மூடிய பெட்டிக்குள் அது தங்கிவிடும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, அது நிறைந்ததும் மாற்ற வேண்டும். ஒருமுறை போட்டால் போதும்னு விட்டுவிடக் கூடாது.

அழுக்கா இருக்கே, கொஞ்சம் துடைக்கலாமா?

வேண்டாம். அழிப்பான் வைத்துத் தேய்ப்பது, தேய்ந்த விளிம்புக்கு நிறம் தீட்டுவது, மழுங்கிய ஓரத்தை நறுக்கிச் சீராக்குவது எல்லாமே கார்டைக் கொல்லும் வேலை. விற்கும்போது அதைச் சொல்லாமல் விட்டால் மோசடி.

இதற்கு மிகப் பெரிய உதாரணம், உலகின் புகழ்பெற்ற கார்டான டி206 ஹோனஸ் வாக்னரே. அதில் ஒன்றை, ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4.51 லட்சம் டாலருக்கு வாங்கினார். பிஎஸ்ஏ மதிப்பீடு செய்த முதல் கார்டும் அதுதான். 10-க்கு 8 கிடைத்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால், அதை முன்பு விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, வேறொரு மோசடி வழக்கில் 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் பக்கவாட்டு ஓரங்களைத் தானே நறுக்கியதையும் ஒப்புக்கொண்டார். 'கூர்மையான விளிம்பு' என்று எல்லாரும் வியந்தது கத்தி செய்த வேலை!

கார்டைத் தொட வேண்டியிருந்தால், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடியுங்கள். மெத்தென்ற துணி விரித்த மேஜைக்கு மேலே வைத்துப் பாருங்கள். பருத்தி கையுறை நல்லதுபோலத் தோன்றும். ஆனால் அதன் நூல் மூலையில் மாட்டும், பிடியும் நழுவும்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது

பேஸ்பால் கார்டு சேகரிப்பின் தந்தை என்று ஜெஃபர்சன் பர்டிக்கைச் சொல்வார்கள். 'டி206' என்ற பெயரே அவர் தொகுத்த பட்டியலில் இருந்து வந்ததுதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்த 3 லட்சத்துக்கும் அதிகமான அச்சுப் பொருட்களில், பேஸ்பால் கார்டுகள் மட்டும் சுமார் 30,000. மூட்டுவலியோடு, கடைசிக் காலம் வரை அங்கேயே உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒழுங்குபடுத்தினார். பசை போட்டு!

அவரைக் குறை சொல்ல முடியாது. சிதறிப்போகாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. விற்கும் எண்ணமே இல்லை. அந்தக் கவலையால்தான் இன்று அவ்வளவும் பார்க்கக் கிடைக்கிறது. ஆனால் ஒட்டியதைப் பிரிப்பது எளிதல்ல. அவர் காலத்தில் இல்லாத ஓர் எளிய விதி இன்று இருக்கிறது: திரும்ப எடுக்க முடியாத எதையும் கார்டின் மேல் செய்யாதே. பசை, செல்லோடேப், லேமினேஷன், பேனா எழுத்து எல்லாம் இதில் அடங்கும்.

கடைசியாக ஒரு தாள்

பெட்டியும் உறையும் சரியாக இருந்தாலும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு முக்கியக் கார்டையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, வாங்கிய விலையோடு குறித்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருட்களுக்கு முழுத் தொகை தராமல் போகலாம். தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் பட்டியலின் ஒரு நகலைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இது என்ன, எவ்வளவு முக்கியம், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று நான்கு வரி போதும். டிஃபையன்ஸ் பரணில் இருந்த பெட்டியில் அப்படி எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் திறந்து பார்த்ததால் பிழைத்தது. திறந்து பார்க்காமலே குப்பைக்குப் போன பெட்டிகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.