கணக்கு எங்கே போயிற்று?

மும்பை தாராவியில் மளிகைக் கடை நடத்துகிறார் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர். பற்றுக் கணக்கு எழுத, அவருடைய தங்கை மகன் 'பைத்தான்' மொழியில் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினார்.

வீட்டில் ஓடியது, கடையில் ஓட மறுத்தது. கடைக் கம்ப்யூட்டரில் பைத்தான் இல்லை.

"சரக்கு இருந்தால் போதுமா மருமகனே? பொட்டலம் கட்டித் தர வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

கட்டினார் மருமகன். 'பைஇன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவி, புரோகிராமையும் அதற்கு வேண்டிய பைத்தான் பாகங்களையும் ஒரே கோப்பில் அடைத்தது. அதை இரண்டு முறை தட்டினால் போதும், புரோகிராம் திறந்துவிடும்!

மறுநாள் காலை அதிர்ச்சி. முதல் நாள் எழுதிய பற்று முழுவதும் மாயம்!

காரணம் என்ன? ஒற்றைக் கோப்பாகக் கட்டிய புரோகிராம், ஓடும்போது தற்காலிக இடம் ஒன்றில் பிரிந்து கொள்ளும். மூடியதும் அந்த இடமே அழிந்துவிடும். கணக்கும் அங்கேதான் பதிவாகியிருந்தது.

இப்போது கணக்கு 'டாக்குமென்ட்ஸ்' பகுதியில் தனியாக இருக்கிறது. புரோகிராமை மாற்றினாலும் அது அழியாது.

நல்ல வேளையாக, அன்றைய பற்றை அண்ணாச்சி பழைய நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். சொந்தப் புரோகிராம் எழுதிக் கொடுப்போர் கவனிக்க: முதல் மாதம் நோட்டும் கூடவே ஓடட்டும்!